கை ஓடட்டும்

முகமூடி பிடித்துப்போனதால்தான் ஓட்ருன் நாற்பத்தாறு வயதில் ஒப்பரேசன் அறை நேர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனாள். இதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, இந்தப் பிரிவை ஏன் தெரிந்தெடுத்தீர் என்று கேட்டபோது, "எனக்குக் கைவேலை பிடிக்கும்" என்றாள். அதுவும் பொய் இல்லை. இருபத்திரண்டு வருசம் மீன் வெட்டிய கை அது.

பதினெட்டு வயதில் சில்டவோக் மீன் தொழிற்சாலைக்குள் போனவள். ஃபியோர்டு என்கிற அந்தக் கடற்கழிக்கு இந்தப் பக்கத்தில் வேறு வேலையும் இல்லை. இருபத்தொன்பதாவது வயதில் ஒரு மாரிகாலம் காதுக்குள் கிருமி வந்து, காய்ச்சலில் படுத்து எழும்பியபோது முகத்தின் இடது பாதி விழுந்துவிட்டது. அந்தக் கண் மூடாது. அந்தப் பக்கத்து உதடு தொங்கும். கதைத்தால் வாய் மூலையால் காற்றும் எச்சிலும் கசியும். குளிர் காற்றுப் பட்டால் இடது கண்ணில் தண்ணீர் ஓடும். ஒரு வருசத்தில் சரிவரும் என்றார் டொக்டர். சரிவரவில்லை. ஜெபவீட்டில் அவளுக்காக ஜெபித்தார்கள். எல்லா ஜெபத்துக்கும் ஆண்டவர் ஒரு பதில் வைத்திருக்கிறார் என்று நம்புகிறோம். ஓட்ருனுக்கு வைத்திருந்த பதிலை அவர் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சல் மாறி அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மேசை மேற்பார்வைக்காரி கஸ்பாரா, மேசைக்கு ஓடிவருகிற பட்டியில் வந்த மீன்களுக்குள்ளிருந்து ஒரு தட்டைமீனைத் தூக்கினாள். இரண்டு கண்ணும் ஒரு பக்கம் போய், வாய் கோணிக் கிடக்கிற அந்த மீனை ஓட்ருனின் கன்னத்தோடு வைத்துப் பிடித்தாள்.

"பிள்ளையள், இஞ்ச பாருங்கோ. ரெண்டும் ஒரு வயித்தில பிறந்ததுகள்."

இருபது பெண்கள் சிரித்தார்கள். ஓட்ருனும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு வலது பக்கத்தால் மட்டும் போனது. அதைக் கண்டு அவர்கள் இன்னொரு தரம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் தட்டைமீன்.

கஸ்பாராவைக் கெட்டவள் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஓட்ருன் படுத்திருந்த மாதங்களில் அவள் வீட்டு வாசலில் மீன் கட்லட் சட்டியை வைத்துவிட்டு, மணியடிக்காமல் போனவளும் கஸ்பாராதான். ஜெபவீட்டில் கோப்பி ஊற்றுவாள், கூட்டம் முடிய நிலம் துடைப்பாள். வாய்தான் கத்தி. மேசையின் தலைமாட்டில் நின்று நாள் முழுக்க ஒரே சத்தம் வைப்பாள்:

"கெதியா, பிள்ளையள், கை ஓடட்டும். கை ஓடட்டும்."

அந்தச் சத்தத்துக்கு எல்லாக் கையும் ஓடும். நினைக்கத் தேவையில்லை. தலை எங்கேயோ இருக்கும், கை மீனில் இருக்கும். ஓட்ருனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். "வழுக்கல் பிடிச்சால் கத்தியை வாளிக்குள்ள விடாத. நீ வாளிக்குக் குனியிற நேரத்தில ஒரு மீன் உன்னைக் கடந்து போயிடும். இப்பிடி இடுப்பில ஒருக்கா இழு, அடுத்ததைப் பிடி." ரப்பர் ஏப்ரனில் தொடைப் பக்கமாக ஒரு இழுப்பு. வெட்டு, இழு, வெட்டு, இழு. இருபத்திரண்டு வருசம் அந்த இழுப்பு.

நாற்பதாவது வயதில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். மீனை இயந்திரம் வெட்டத் தொடங்கியது, அதுவும் வேறொரு நாட்டில். ஓட்ருன் நேர்ஸ் படிப்புக்குப் போனாள். மூன்று வருசம் படித்து, மூன்று வருசம் வார்டில் நின்றாள். அந்த மூன்று வருசத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் அழுகிக் கிடந்த ஒரு பழைய கப்பல்காரர், பொறுப்பு நேர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தக் கோணல்வாயை என்ர கட்டிலடிக்கு விடாதேங்கோ. சாகக் கிடக்கிறவனுக்குக் காட்டுற முகமே அது?" ஒரு சின்னப் பெண் இவளைக் கண்டு வீரிட்டு, தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். பொறுப்பு நேர்ஸ் நல்ல மனுசி. ஒன்றும் சொல்லாமல், ஓட்ருனை மருந்து அறையில் குப்பி அடுக்க விட்டாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் ஒரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஒப்பரேசன் அறை வாசலுக்குப் போனாள். யாரோ அவள் கையில் ஒரு தொப்பியையும் முகமூடியையும் திணித்தார்கள். உள்ளே ஒரு இளம் டொக்டர் திரும்பி, நோயாளியின் மருந்தைப் பற்றி அவளிடம் கேட்டார். கேட்கும்போது அவளுடைய கண்ணைப் பார்த்தார். பதினேழு வருசத்தில் முதல் தரம் ஒருவர் அவளோடு கதைக்கும்போது வாயைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அங்கே ஒருவருக்கும் வாய் இல்லை. எல்லாருக்கும் கண் மட்டும்தான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை எழுதினாள்.

"மீன் முடிஞ்சுது. இனி மனிசரோ?" என்றான் யோஸ்டைன். அவளுடைய கணவன், பாதைப்படகில் கார்களை ஏற்றி இறக்குகிறவன். "எனக்கு இடுப்பு வலிக்குது எண்டு உனக்குச் சொல்லமாட்டன். ரெண்டா வெட்டி உப்புப் போட்டிடுவாய்."

ஒப்பரேசன் அறையில் அவளுக்குப் பழக்குகிறவளாகக் கிடைத்தவள் சில்யா. வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகள், புருசன் விட்டிட்டுப் போனவன். நடக்கும்போது சத்தம் கேட்காது. கதைக்கும்போது குரல் உயராது. முதல் நாளே சொன்னாள்:

"இஞ்ச ரெண்டு விசயம்தான், ஓட்ருன். கை சுத்தம், வாய் சுத்தம். கவுனில நெஞ்சிலயிருந்து இடுப்பு வரைக்கும்தான் சுத்தம். அதுக்குக் கீழ போன கை ஊத்தைக் கை. போனால், ஒருத்தரும் காணாட்டிலும், அந்தக் கணமே வாய் திறந்து சொல்ல வேணும். இது ரெண்டும் வராதவைக்கு இஞ்ச இடமில்லை."

வாய் சுத்தத்தைப் பற்றி ஓட்ருனுக்குப் பயமில்லை. அவள் ஜெபவீட்டுப் பிள்ளை. கைதான் பிரச்சினை. மேசையில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டொக்டர் கேட்கமுன்னமே அவர் கையில் இருக்கும். ஆனால் ஒரு கருவி இரத்தத்தோடோ கொழுப்போடோ வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தால், அவள் நினைக்கமுன்னம் கை கீழே போகும். தொடைப் பக்கமாக ஒரு இழுப்பு.

முதல் தவணையில் இரண்டு தரம் போனது. இரண்டு தரமும் உடனே சொன்னாள், கவுன் மாற்றினார்கள். இரண்டாம் தரத்துக்குப் பிறகு சில்யா ஒரு சிவப்புப் பட்டியைக் கொண்டுவந்து, ஓட்ருனின் கவுனில் இடுப்பைச் சுற்றி ஒட்டினாள்.

"இதுக்குக் கீழ கடல். உமக்குக் கடல் தெரியும்தானே? கை அங்க போனால் அது மூழ்கிப் போச்சுது."

பிறகு அவளைச் சுவரோரம் இரண்டு மணித்தியாலம் நிற்கவிட்டாள், இரண்டு கையையும் நெஞ்சில் கோர்த்தபடி. வருகிற போகிறவர்கள் பார்த்தார்கள். "கோயிலில திடப்படுத்தலுக்கு நிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறீர்," என்றான் மயக்கமருந்து கொடுக்கிற பெடியன். அந்தத் தவணை முடிவில் தாளில் 'சித்தியில்லை' என்று எழுதி, சில்யா கையெழுத்து வைத்தாள்.

ஒருமுறை சித்தியடையாவிட்டால் இன்னொரு தவணை தருவார்கள். இரண்டாம் முறையும் இல்லையென்றால் கதவு பூட்டு. ஆயுசுக்கும் அந்தப் படிப்பைத் திரும்பத் தொடமுடியாது. ஓட்ருனுக்கு அப்போது நாற்பத்தெட்டு. அந்தக் கதவு பூட்டினால், வெளியே குப்பி அடுக்குகிற அறை இருக்கிறது, கப்பல்காரரின் கட்டில் இருக்கிறது, வீரிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முகமூடி இல்லை.

வீட்டில் பழகினாள். உருளைக்கிழங்கு தோல் சீவும்போது இடுப்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியை மேலே பிடித்து ஈரத்துணியில் துடைத்தாள். வேலையில்லாத நேரம் கையை நெஞ்சில் கோர்த்தாள். டிவி பார்க்கும்போதும் அப்படியே.

"ஜெபவீட்டில கூட நீ இவ்வளவு நேரம் கை கூப்பினதில்லை," என்றான் யோஸ்டைன்.

இரண்டாம் தவணையில் பதினொரு கிழமை கை கீழே போகவில்லை. ஒருதரமும் இல்லை. சில்யா ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் பிறகு தாளில் ஒரு சின்னக் கோடு போடுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. கடைசிக் கிழமை, செவ்வாய்க்கிழமை, இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது கஸ்பாரா வந்தாள்.

இடுப்பு மூட்டு மாற்றும் ஒப்பரேசன். நாளுக்கு மூன்று நாலு நடக்கிறதுதான். கஸ்பாராவுக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்கச் சீமெந்து நிலத்தில் நின்று நின்று மூட்டுத் தேய்ந்துபோனவள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணுவார்கள். ஆள் விழித்திருப்பாள், தலைக்கும் வெட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி தொங்கும். காதில் பாட்டுப் போட்டுக் கேட்க ஒரு கருவி கொடுப்பார்கள். கஸ்பாரா அதை வேண்டாம் என்று தள்ளினாள்.

"என்ர எலும்புக்கு நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு எனக்குக் கேக்க வேணும். நாப்பது வருசம் மற்றவையின்ர வேலையைப் பாத்து நிண்டனான்."

அப்போது ஓட்ருன் கை கழுவி, கவுன் போட்டு, மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கஸ்பாரா தலையைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவில் தெரிந்த கண்களைப் பார்த்தாள்.

"பிள்ளை, உன்ர கண் எவ்வளவு கனிவா இருக்கு," என்றாள். "இப்பிடி ஒரு முகம் பக்கத்தில நிண்டால் பயமில்லை."

கதைத்தால் குரல் கசியும், கஸ்பாரா கண்டுபிடித்துவிடுவாள். ஓட்ருன் தலையை மட்டும் ஆட்டினாள். முகமூடிக்குள் அவளுடைய வலது பக்கம் சிரித்தது. அந்தச் சந்தோசத்தை ஆண்டவர் அவளுக்குக் கொடுத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அது சந்தோசம்தான்.

வேலை நன்றாகப் போனது. பெரிய டொக்டர் ஹால்வர் அதிகம் கதைக்காதவர். கையை நீட்டுவார், கருவி வந்து விழும். பழைய மூட்டு வெட்டி எடுத்தாயிற்று. இடுப்பெலும்பில் பொருத்துகிற கிண்ணம் இறுகியாயிற்று. கடைசியாகத் தொடை எலும்புக்குள் இறக்குகிற தண்டுக்குச் சீமெந்து குழைத்தார்கள்.

இந்தச் சீமெந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். குழைத்தால் பத்து நிமிசத்தில் கல்லாகிவிடும். அதற்குள் தண்டை இறக்கி, நேராகப் பிடித்து, பக்கங்களால் பிதுங்கி வருகிறதை ஒரு சின்னக் கரண்டியால் சுரண்டி எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் ஒருவரும் மூச்சுவிடமாட்டார்கள். டொக்டர் சுரண்டுவார், கரண்டியைத் திருப்பித் தருவார், கை கழுவி நிற்கிற நேர்ஸ் ஈரக் கோஸ் துணியில் துடைத்து உடனே திருப்பிக் கொடுப்பாள்.

ஒருதரம் துடைத்தாள். இரண்டாம் தரம் துடைத்தாள். மூன்றாம் தரம் சீமெந்து கோஸில் ஒட்டிக்கொண்டு இழுபட்டது.

"அடுத்தது," என்றார் ஹால்வர், கையை நீட்டியபடி.

துணிக்கு அந்தப் பக்கத்தில் கஸ்பாராவுக்கு மருந்து கொஞ்சம் ஏறியிருந்தது. அரை நித்திரை. அவசரத்தின் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். எங்கே கிடக்கிறாள் என்று மறந்து, பழைய குரலில் சத்தம் வைத்தாள்:

"கெதியா, பிள்ளையள். கை ஓடட்டும். கை ஓடட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்ருனின் கை ஓடியது. வெட்டு, இழு. கரண்டி சிவப்புப் பட்டிக்குக் கீழே போய், தொடைப் பக்கமாக ஒரு இழுப்பு இழுபட்டு, மேலே வந்தது. ஹால்வர் அதை அவள் கையிலிருந்து பறித்து உள்ளே விட்டுச் சுரண்டினார். தண்டைச் சுற்றி, எலும்பின் விளிம்பைச் சுற்றி, ஒரு முழு வட்டம்.

"நல்லது," என்றார். "இனி இறுகட்டும்."

ஒருவரும் காணவில்லை. எல்லாருடைய கண்ணும் வெட்டின இடத்தில். மயக்கமருந்துப் பெடியன் கஸ்பாராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சில்யா எங்கேயோ பின்னால் நின்றாள். ஓட்ருன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு நாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் இரண்டு நாளில் தாள் கையில். ஒன்றும் நடக்காது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தரம் ஒன்றும் நடக்காது. வாயைத் திறந்தால் கதவு பூட்டு. அவள் ஆண்டவரைக் கூப்பிட்டாள். கூப்பிட்டது அரைச் சொல்தான். மிச்சம் வாயால் வேறு விதமாக வந்தது.

"டொக்டர். அந்தக் கரண்டியை நான் என்ர துடையில துடைச்சுப் போட்டன்."

டொக்டர் தலையை நிமிர்த்தினார்.

"எப்ப?" என்றார் ஹால்வர்.

"இப்ப. நீங்கள் எடுக்க முன்னம்."

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, நித்திரை கலைந்து:

"அது ஆர்? தட்டைமீனோ?"

மயக்கமருந்துப் பெடியன் அவள் தோளில் கை வைத்தான்.

"தட்டைமீனையோ என்ர இடுப்பு வெட்ட விட்டிருக்கிறியள்?"

ஹால்வர் சத்தம் போடவில்லை. சீமெந்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார், கல். கழற்றமுடியாது. மூன்று போத்தல் சேலைன் ஊற்றிக் கழுவினார். கையுறை மாற்றினார்கள், கவுன் மாற்றினார்கள், மேசையை முழுக்கத் தள்ளிவிட்டுப் புதுக் கருவிகள் பிரித்தார்கள், கிருமிகொல்லி மருந்தைக் கூட்டினார்கள். ஒரு மணித்தியாலம் கூடப் போனது. அந்த மணித்தியாலம் முழுக்க ஓட்ருன் சுவரோரம் கையைக் கோர்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

முடிந்தபிறகு கை கழுவுகிற இடத்தில் சில்யா பக்கத்தில் வந்து நின்றாள். முகமூடியைக் கழற்றியிருந்தாள், முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"நல்ல காரியம் செய்தீர்," என்றாள். "கடைசிக் கேள்வி ஒண்டு இருக்கு தாளில. காணாத இடத்தில உண்மை சொல்லுறவரோ எண்டு. அதுக்கு நான் பதில் எழுதாமல் வைச்சிருந்தன். இண்டைக்கு எழுதலாம்."

"ஒருத்தரும் காணேல்லை எண்டு நினைச்சன்," என்றாள் ஓட்ருன்.

"நான் கண்டனான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்ருன் குழாயைப் பூட்டினாள்.

"எப்ப கண்டனீர்?"

"உம்மட கை கீழ போகேக்கையே."

"டொக்டரின்ர கைக்குப் போக முன்னமோ?"

சில்யாவுக்கு அப்போதுதான் தான் சொன்னது விளங்கியது. விளங்கியது அவள் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"நீர் சொல்லுறீரோ எண்டு பாக்க வேண்டியிருந்தது. ஒரு விநாடி பொறுத்தன். அதுக்குள்ள அவர் பறிச்சுப் போட்டார். கையைப் பழக்கலாம், ஓட்ருன். வாயைப் பழக்கேலாது. அதைச் சோதிச்சுத்தான் பாக்க வேணும்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அது உள்ளுக்குப் போயிருக்காதே."

"ஒண்டும் வராது," என்றாள் சில்யா. "கழுவியாச்சு. மருந்து குடுத்தாச்சு. ஒண்டும் வராது."

பன்னிரண்டாவது நாள் வந்தது. வெட்டின இடம் சிவந்து, கசிந்து, கஸ்பாராவுக்குக் காய்ச்சல் எடுத்தது. திறந்து கழுவினார்கள். திரும்பவும் திறந்து கழுவினார்கள். ஆறாவது கிழமை, உள்ளே வைத்ததையெல்லாம் உளியால் உடைத்து எடுத்தார்கள், சீமெந்தை எலும்போடு சேர்த்து. இன்னொன்றை வைக்க அந்த எலும்பில் இடமில்லை. மூட்டு இல்லாத கால் நாலு விரல் அளவு கட்டையாகித் தொங்கியது. கஸ்பாரா சக்கரநாற்காலிக்கு வந்தாள். அந்தக் கிருமி அந்தக் கரண்டியால்தான் போனதோ, வேறு வழியால் போனதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். டொக்டர்மாரும் அப்படித்தான் சொன்னார்கள், வேறு சொற்களில்.

விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். மெலிந்தவர், கம்பளிச் சட்டை, பையில் மெழுகுத் தாளில் சுற்றிய பாணும் மண்ணிறச் சீஸும். கோபம் என்பதே தெரியாதவர். இந்தப் பக்கத்தில் அப்படித்தான். ஆளை வெட்டுகிறபோதும் குரல் தாழ்த்தித்தான் வெட்டுவார்கள். மாணவி தனியே இருக்கக்கூடாது, துணைக்குப் பழக்குகிற நேர்ஸ் பக்கத்தில் இருக்கலாம் என்று சட்டம் இருந்தது. ஆகவே சில்யா பக்கத்தில் இருந்தாள்.

அதற்கு முன்னம், காலையில், சில்யா இரண்டு கோப்பி ஊற்றிக்கொண்டு உடுப்பு மாற்றுகிற அறைக்கு வந்தாள். ஒன்றை ஓட்ருனிடம் கொடுத்தாள்.

"உம்மட தாள் இன்னும் என்ர மேசையிலதான் கிடக்கு," என்றாள். "இந்த விசாரணை முடியட்டும் எண்டு வைச்சிருக்கிறன். நீர் நல்ல நேர்ஸா வருவீர். உம்மட கை மாதிரி ஒரு கையை நான் கண்டதில்லை."

ஓட்ருன் கோப்பியைக் குடித்தாள். இடது மூலையால் கொஞ்சம் ஒழுகியது. சில்யா ஒரு துணியை எடுத்து, தாய் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, அந்த மூலையைத் துடைத்துவிட்டாள். பழக்கத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தரம் அவள் ஓட்ருனின் முகத்தைத் தொட்டாள்.

"என்ர பிள்ளையள் ரெண்டும் சின்னன்," என்றாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மெலிந்த மனிதர் எல்லாம் கேட்டார். எத்தனை மணிக்கு, எந்தக் கரண்டி, எந்தக் கை. ஓட்ருன் எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னாள். மனிதர் எழுதினார். உடனே சொன்னது பெரிய விசயம் என்று சொல்லி, அதையும் எழுதினார். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:

"டொக்டர் எடுக்க முன்னம் வேற ஆராவது அதைக் கண்டவையோ?"

அவர் கேட்டது ஒரு வழக்கத்துக்கு. அந்த வரி படிவத்தில் இருந்தது. சில்யா கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். வெளியே பாதைப்படகு கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. யோஸ்டைன் மஞ்சள் சட்டையோடு முன்னால் நின்று கயிறு எறிந்தான். ஓட்ருன் முகமூடியை நினைத்தாள். காதுக்குப் பின்னால் அந்த இலாஸ்டிக் இழுக்கிற இழுப்பை நினைத்தாள். கஸ்பாரா சொன்ன கனிவான கண்ணை நினைத்தாள்.

"இல்லை," என்றாள்.

அந்த ஒரு சொல் மட்டும் கசியாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை தாள் கைக்கு வந்தது. 'சித்தி.' கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் சில்யா தன் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: 'ஒருவரும் காணாத இடத்திலும் உண்மை சொல்லுகிறவர்.'

இதோடு முடிந்திருந்தால் ஓட்ருன் அதைச் சுமந்துகொண்டு போயிருப்பாள். மனிதர் எதையும் சுமப்பார்கள்.

கஸ்பாரா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் வியாழக்கிழமை, ஜெபவீட்டுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாஃபிள் சுடுகிற வாசம், நனைந்த உடுப்பு வாசம், நாற்பது பேர். சாட்சி சொல்லுகிற நேரம் வந்தபோது கஸ்பாரா கையைத் தூக்கினாள். ஓட்ருன் கடைசி வாங்கில் சுவரோரம் இருந்தாள். தன்னைச் சபிக்கப்போகிறாள் என்று நினைத்தாள். அது வரட்டும் என்றுகூட நினைத்தாள். ஒரு கிழமையாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஜெபம் அதுதான்.

"அந்த அறையில ஏழு பேர் நிண்டவை," என்றாள் கஸ்பாரா. "எல்லாரும் படிச்சவை. ஒரு வாய்தான் திறந்தது. தனக்கு வேலை போகும் எண்டு தெரிஞ்சும் திறந்தது. அந்த வாயைத்தான் நான் பத்து வருசமாத் தட்டைமீன் எண்டு பகிடி பண்ணினனான். நான் விறைச்சுக் கிடந்த நேரத்திலயும் பண்ணினனான். கர்த்தர் என்ர காலை எடுத்தது அதுக்குத்தானோ எண்டு எனக்குத் தெரியாது. எடுத்திருந்தால் சரி." மூச்சு வாங்கினாள். "ஓட்ருன், இஞ்ச வா பிள்ளை."

நாற்பது முகம் திரும்பியது. எல்லாரும் அவளுடைய வாயைப் பார்த்தார்கள். மறைக்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் எழும்பி நடந்தாள். கஸ்பாரா இரண்டு கையாலும் அவள் நாடியைப் பிடித்து முகத்தைக் கீழே இழுத்து, பெருவிரலால் தொங்குகிற மூலையைத் தடவினாள்.

"பொய் சொல்லத் தெரியாத வாய்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "என்னை மன்னிப்பியோ?"

ஓட்ருன் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான், ஆண்டவரே அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தார். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஒப்பரேசன் அறையில் முறை இருந்தது, சில்யாவோடு.

"சரி அக்கா," என்றாள்.

"அப்ப இனி வியாழக்கிழமையளில என்னைத் தள்ளிக்கொண்டு வாறது நீதான். வேற ஒருத்தரையும் நான் நம்பமாட்டன்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். யாரோ வாஃபிள் கொண்டுவந்து ஓட்ருனின் கையில் கொடுத்தார்கள்.

கஸ்பாரா அதற்குப் பிறகு நாலு வருசம் உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஓட்ருனை எல்லாருக்கும் பிடிக்கும். புது மாணவிகளைச் சில்யா அவளிடம் அனுப்புவாள். உண்மை சொல்லப் பழகவேண்டுமென்றால் இவவைப் பாருங்கோ என்று சொல்லி அனுப்புவாள். மாணவிகளின் கை கீழே போகத் தொடங்கினால், போகமுன்னமே ஓட்ருன் சத்தம் வைப்பாள், அறையே திடுக்கிடும்படி. அதற்காக அவர்கள் அவளுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது என்ன பெயர் என்று அவள் கேட்டதில்லை.

வியாழக்கிழமைகளில் ஜெபவீட்டுக்கு ஏற்றம். கடல் காற்று நேரே முகத்தில் அடிக்கும். ஓட்ருன் குனிந்து நாற்காலியைத் தள்ளுவாள். இடது கண்ணில் தண்ணீர் ஓடி, கன்னத்தால் இறங்கி, வாய் மூலைக்குள் போகும். துடைக்க முடியாது, ஒரு கையை எடுத்தால் நாற்காலி பின்னுக்கு வரும். முன்னால் கம்பளிப் போர்வைக்குள் இருந்துகொண்டு கஸ்பாரா, சந்தோசமாக, திரும்பிப் பார்க்காமல் சத்தம் வைப்பாள்:

"கெதியா, பிள்ளை. கை ஓடட்டும். கை ஓடட்டும்."